எட்டு எழுத்துச் சாவி

பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் என் பையைத் துழாவிய அம்மாள் அதிலிருந்த ஃப்ளாப்பி டிரைவைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் இன்னும் வேலை செய்கிறதா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்றேன். எந்த ஊருக்கு என்றாள். திருப்பதி என்றேன். அவளுக்கு அது தெரியவில்லை. திருப்பதி தெரியாத ஒரு ஆளை இருபது வருஷம் ஜெர்மனியில் இருந்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வழக்கமாகத் திருப்பதிக்குப் போகிறவன் மலையேறத்தான் போவான். நான் போனது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு. கடைக்காரன் முனிரத்னம் என் நண்பன். கடையை வேறு தெருவுக்கு மாற்றும்போது அவனுக்கு ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. அதில் ஒரு ஃப்ளாப்பி. மேலே அவன் கையெழுத்தில் 'பாபு நைனா குரல்' என்று எழுதியிருந்தது. படமெடுத்து அனுப்பினான். பாபு என்பது வீட்டில் என் பெயர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். மறுநாளே லீவு சொல்லிவிட்டேன்.

அந்த ஃப்ளாப்பியில் நைனா மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசியிருக்கிறார். அவர் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நான் அதைக் கேட்டதும் இல்லை, ஏனென்றால் அது பூட்டிக் கிடக்கிறது. அதைப் பூட்டிய புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன். சாவி எதுவென்று நைனாவுக்குத்தான் தெரியும், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டேன் என்று அவரிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் இறங்கிய கையோடு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள், முறிந்த மணிக்கட்டைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு, புத்தூருக்கு எலும்புக்கட்டு போட்டுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"நகரி. இப்போ ஜெர்மனில இருக்கேன்."

"அது எந்த மண்டலத்துல வருது?"

ஆந்திராவில் எந்த ஊரையும், இங்கே தாலுகா மாதிரி, மண்டலம் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டும். "கொஞ்சம் தூரம்மா" என்றேன்.

"அங்க இன்னா துன்னுவீங்கோ?"

"ரொட்டிதான்."

"மூணு வேளையுமா?" என்று கேட்டுவிட்டு, நல்ல கையால் பையைத் திறந்து எனக்கு இரண்டு வேர்க்கடலை உருண்டை எடுத்துக் கொடுத்தார். கை முறிந்தவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். உருண்டையில் வெல்லப்பாகு சரியான பதம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நகரிக்குள் நுழைந்ததும் டயர் வெடித்தது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், எல்லோரும் இறங்கிக் காற்று வாங்குங்கள் என்று நடத்துநர் தெலுங்கில் அறிவித்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் இருக்கும் ஊரில் ரயில் நாலு நிமிஷம் தாமதம் என்றால் மூன்று தடவை மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

என் சொந்த ஊரிலேயே பஸ் படுத்துக்கொண்டதால் தறித் தெரு வரைக்கும் நடந்தேன். பவர்லூம் இன்னும் ஓடுகிறது, முன்பைவிடக் குறைவான வீடுகளில். நைனா முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் வேலை செய்தவர். அதனால் அவருக்கு மெல்லப் பேசவே வராது. "பாபு, சாப்டியா?" என்று கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் "சாப்டாம்பா" என்று பதில் சொல்வார். இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் ஜில்லாவில் சத்தியம் என்றால் காணிப்பாக்கம்தான்; பொய் சொல்கிறவனைக் குளத்தில் முங்கவைத்துப் பிள்ளையார் முன்னால் நிறுத்துவார்கள். நைனாவோ எதற்கெடுத்தாலும் அந்தப் பிள்ளையாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். "காணிப்பாக்கம் பிள்ளையார் மேல ஆணையா சொல்றேன், இந்தக் கொழம்புல உப்பு இல்ல" என்பார். அம்மா இருந்தவரைக்கும் அவளுக்கு அதில் சிரிப்பு தாங்காது. நான் பத்தாவது படிக்கும்போது அவள் போய்விட்டாள். அப்புறம் குழம்பை நானோ அவரோதான் வைத்தோம், உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

தெருமுனையில் அந்த எஸ்டிடி பூத் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அந்த பூத்தில் நின்றுதான் நைனா என்னோடு பேசுவார். நான் ஜெர்மனி போன புதிது. குளிரில், பொது டெலிபோனில், எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, கார்டில் காசு தீர்ந்துகொண்டிருந்தது.

"பாபு, முனிரத்னம் குடுத்தது கேட்டியா?" என்று கத்தினார்.

கேட்கவில்லை. நான் கிளம்பும்போது முனிரத்னம் கொடுத்த ஃப்ளாப்பியைப் போட்டால் சாவி கேட்டது. நான் என் பெயர், அம்மா பெயர், ஊர் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். தப்பான சாவி போட்டால் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல்தான் வரும். அவரிடம் சாவியைக் கேட்கத்தான் போன் செய்தேன். அதற்குள் பின்னால் நின்றவன் கண்ணாடியைத் தட்டினான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று, "கேட்டேன் நைனா" என்றேன்.

"அப்ப சொல்லு."

"இன்னாத்த சொல்றது? சரி நைனா."

பின்னால் நின்றவன் மறுபடி கண்ணாடியைத் தட்டினான்.

"இன்னொரு தபா சொல்லு."

"சரி நைனா, சரி. கார்டு முடியப்போவுது."

கேட்டேன் என்று சொன்ன பிறகு சாவி கேட்க முடியுமா? அடுத்த வாரமும் கேட்கவில்லை, அடுத்த மாதமும் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாவியை முனிரத்னம் எனக்குச் சொல்லியிருப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் சொல்லியிருப்பார் என்று இவன் நினைத்தான். இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். நான் கொண்டுபோன ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துச் செத்தது. காரியத்துக்கு வந்தபோது முனிரத்னத்தைக் கேட்டேன். "பெரிய வாக்கியம்டா. ரெண்டு வரி இருக்கும். அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன், மறந்துட்டேன்" என்றான். வேறு பிரதி இருப்பது அன்று அவனுக்கே ஞாபகமில்லை.

டயர் மாட்டி, புத்தூரில் அந்த அம்மாளை இறக்கிவிட்டு, திருப்பதி போய்ச் சேர மாலையாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை முனிரத்னம் வீட்டில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். அவன் மனைவி எட்டு இட்லி வைத்தார், நான் ஒன்பது சாப்பிட்டேன். கடைக்கு நடக்கும்போது பழைய ஊரைத் தேடினேன். நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மிட்டாய்க் கடை மாடியில் இருந்தது. நாலே நாலு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாமி சன்னிதி மாதிரி. இப்போது அங்கே ஏழு மாடி லாட்ஜ்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி என்னை யாரும் பேசவிடக் கூடாது, விட்டால் நிறுத்த மாட்டேன். ஒரு சிங்கப்பூர் கம்பெனி சென்னையில் என்னை நேர்முகம் பார்த்து, ஒரு மாதத்தில் கடிதம் வரும் என்றது. வரவில்லை. தபால்காரரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினேன். நைனாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வேறு வழியில்லாமல் திருப்பதியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் முனிரத்னம். கம்ப்யூட்டர் படித்தவன் எல்லாம் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தான், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்தது. நாங்கள் மட்டும் பூட்டு செய்துகொண்டிருந்தோம்.

ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதினோம். விஷயம் இதுதான்: எழுத்துகளை எட்டெட்டாக வெட்டி, ஒவ்வொரு கட்டையும் ஒரு சாவியை வைத்துப் பதினாறு தடவை கலக்க வேண்டும். அதே சாவியை வைத்துப் பின்னோக்கிக் கலைத்தால் பழையபடி வரும். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. எங்கள் சாவி ஐம்பத்தாறு பிட். ஒவ்வொரு பிட்டும் பூஜ்யமோ ஒன்றோ. ஒரு பிட் கூட்டினால் தேடுகிறவனுக்கு வேலை இரண்டு மடங்கு. இரண்டு கூட்டினால் நாலு மடங்கு. ஐம்பத்தாறுக்கு, ஏழு போட்டுப் பதினாறு சுழி போட்டால் எத்தனையோ அத்தனை சாவி. அப்போது அமெரிக்காக்காரன் வெளியூருக்கு விற்கிற சரக்கில் நாற்பது பிட்தான் தருவான், பெரிய பூட்டு தனக்கு மட்டும். "அவன் நாப்பது குடுத்தா நம்ம அம்பத்தாறு செய்வோம்டா" என்று முனிரத்னம் மேஜையைத் தட்டுவான். சுதந்திரப் போராட்டம் மாதிரி இருக்கும். மதியம் இரண்டு பேரும் ஒரு பொட்டலம் புளியோதரையைப் பங்கு போட்டுத் தின்போம். சனிக்கிழமை தவறாமல் நகரிக்குப் போய்விடுவேன், நைனாவும் நானும் திருத்தணி வரைக்கும் போய் சினிமா பார்த்துவிட்டு வருவோம்.

பிறகு ஜெர்மனி வேலை கிடைத்தது. நான் விசாவுக்காகச் சென்னையில் அலைந்துகொண்டிருந்த நாளில் நைனா தனியாகத் திருப்பதிக்கு வந்திருக்கிறார். நீங்கள் செய்த பூட்டில் எனக்கு ஒன்று பூட்டிக் கொடு என்று முனிரத்னத்தைக் கேட்டிருக்கிறார். அவர் பேசினால் மிட்டாய்க் கடை வரைக்கும் கேட்கும் என்பதால் மொத்த சென்டரையும் தெருவுக்கு அனுப்பியிருக்கிறான்.

இருபது வருஷமாக என் பிழைப்பு, ஒரு வங்கியில் சின்னச் சாவிகளைப் பெரிய சாவிகளாக மாற்றுவது. ஐம்பத்தாறைத் தூக்கிப் போட்டு நூற்றிருபத்தெட்டு, அப்புறம் இருநூற்றைம்பத்தாறு. சின்னச் சாவி வைத்திருப்பவர்களை நான் திட்டாத நாளில்லை. அப்படிப்பட்டவன் விமானத்தில் பத்து மணி நேரமும், நைனாவின் சாவி சின்னதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். ஐம்பத்தாறு என்றால் அதற்கென்று செய்த இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து, எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் நான் கிளம்பின சமயத்தில் முனிரத்னம் மூன்று சாவி போட்டு மூன்று தடவை பூட்டுகிற புதியது ஒன்றையும் எழுதிக்கொண்டிருந்தான். அதில் பூட்டியிருந்தால் என் ஆயுசு போதாது, யார் ஆயுசும் போதாது.

"எதுலடா பூட்டின?" என்று கடைக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"ஏமோ ரா, ஞாபகம் இல்ல" என்றான். தெலுங்கும் தமிழும் அவனுக்கு ஒரே வாக்கியத்தில்தான் வரும்.

ஃப்ளாப்பி டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. ஃபைல் வந்துவிட்டது, முழுசாக. பெட்டியில் இருந்த இன்னொரு பொருளையும் முனிரத்னம் எடுத்து வைத்தான்: ஓரத்தில் ஓட்டை போட்ட பழைய காகிதத்தில் அச்சடித்த எங்கள் புரோகிராம், முதல் பூட்டு. அதை வரிவரியாகப் பார்த்து என் லேப்டாப்பில் அடித்துக்கொண்டு போனேன். சாவி வாங்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

அது நான் எழுதிய பகுதி. ஒரு எழுத்துக்கு ஏழு பிட்; ஐம்பத்தாறு பிட்டுக்குள் எட்டு எழுத்துதான் அடங்கும். எட்டுக்கு மேல் ஒருவர் அடித்தால் என்ன செய்வது? நான் ஒன்றுமே செய்யவில்லை. முதல் எட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டிருந்தேன். அடிக்கிறவரிடம் சொல்லக்கூட இல்லை. இன்று எனக்குக் கீழே வேலை செய்கிறவன் இப்படி எழுதினால் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவேன்.

"முனிரத்னம், நைனா ரெண்டு வரி சொன்னாருன்னியே. அதுல மொத எட்டு எழுத்துதான் சாவி. மிச்சமெல்லாம் கணக்குலயே இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"ஒரேய், உங்க நைனா என்னிக்காவது சாமி பேரு சொல்லாம வாயத் தொறந்திருக்காரா?" என்றான்.

முனிரத்னம் காணிப்பாக்கத்தை பஸ் போர்டில் இருக்கிறபடிதான் இங்கிலீஷில் அடிப்பான். அதில் மொத்தம் ஒன்பது எழுத்து. கடைசி 'ம்' வெளியே நிற்கிறது. பிள்ளையாரும் வெளியே, ஆணையும் வெளியே, நைனா யோசித்து யோசித்துச் சொன்ன ரகசியம் எதுவோ அதுவும் வெளியே. எட்டு எழுத்தை அடித்தேன். மழை இரைச்சல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மின்விசிறிச் சத்தம் வந்தது. ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"பாபு... மெல்லப் பேசச் சொல்லிட்டுப் போயிருக்கான் முனிரத்னம்" என்றது குரல்.

நைனா மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை. அது வேறு யாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"காணிப்பாக்கம் பிள்ளையார் மேல ஆணையா சொல்றேன், பொய் இல்ல. போன வருசம் உனுக்கு சிங்கப்பூர்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. நான்தான் வாங்கி வெச்சிட்டேன். தறிக்கு மேல ஓட்டுல சொருவி வெச்சிருக்கேன். உங்கம்மா போனப்புறம் ஊட்ல நீயும் நானும்தான். நீயும் பூட்டா நான் யாராண்ட பேசறது? ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் இருக்கட்டும்னு வெச்சிட்டேன். நீ அந்த போஸ்ட்மேன திட்டிகினு இருந்தப்ப எனுக்கு சோறு எறங்கல. அந்த ஆளு இன்னா பண்ணுவான் பாவம். இப்ப நீயா தேடிகினே. போய் வா. கோவம் இருந்தா போன்ல திட்டு, வாங்கிக்கிறேன். கோவம் இல்லன்னா 'சரி நைனா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. எனுக்கு அது போதும்."

அப்புறம் ரொம்ப நேரம் மின்விசிறி மட்டும் ஓடியது. கடைசியில், "இத்த எப்பிடி நிறுத்தறது? டேய் முனிரத்னம்!" என்று ஒரு கத்தல். அதுதான் என் நைனா. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. முனிரத்னம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டான்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. சிங்கப்பூர் போயிருந்தால் இன்று எப்படி இருந்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாவம், அந்தத் தபால்காரர். அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. போன இருபது வருஷத்தில், திரும்ப வராதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தது எந்த வருஷத்துக்கு? மிட்டாய்க் கடை மாடி, புளியோதரை, முனிரத்னம், சனிக்கிழமை சினிமா. நைனா தறிக்கு மேலே ஓட்டில் சொருகி வைத்தது அந்த வருஷத்தைத்தான்.

"மறுபடி பூட்டித் தரட்டுமா? இப்ப இருநூத்தி அம்பத்தாறு இருக்குதாமே" என்றான் முனிரத்னம்.

"வேணாம். பூட்டினது போதும்."

மூன்றாம் நாள் காலையில் சித்தூர் போய், அங்கிருந்து காணிப்பாக்கத்துக்கு வேறு பஸ் பிடித்தேன். நிற்க இடமில்லை, ஒரு கால் படியிலும் ஒரு கால் யாரோ ஒருவருடைய தேங்காய்ப் பையிலும். என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். கோயிலில் இரண்டு குடும்பங்கள் சத்தியம் செய்ய வந்திருந்தன. குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு போய்ப் பிள்ளையார் முன்னால் நின்றார்கள். இங்கே முங்கிவிட்டுப் பொய் சொன்னவன் தப்பியதில்லை என்பார்கள். நான் பொய் சொன்னது ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, டெலிபோனில். அதற்கும் பிள்ளையார் கணக்கு வைத்திருப்பார் என்று பட்டது, வேட்டியைக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

நைனா அந்த பூத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தேன். இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார். இரண்டு தடவையும் நான் எதற்குச் சரி என்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். அவர் அதை நம்பி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். என் பொய் அவருக்கு நல்லது செய்தது என்றாலும் அது பொய்தான்.

மூன்று தடவை முங்கி எழுந்தேன்.

"சரி நைனா!" என்றேன், தறி ஓடும்போது சொல்கிற மாதிரி, கத்தி. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.